ஒரு வாய்த் தண்ணீர்

அந்த நீலக் கேன் கனகாவின் வீட்டில் மொத்தம் முப்பத்தாறு மணி நேரம் இருந்தது. அதில் முதல் இரண்டு மணி நேரம் அது காலியாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கனகாவின் கணவன் அருள்முருகன் ஊரிலிருந்து விமானத்தில் வந்து இறங்கி, ஷார்ஜாவில் இருக்கும் அவர்களுடைய ஒற்றைப் படுக்கையறை வீட்டுக்கு வந்து சேர்ந்தான். ஒரு கையில் பெட்டி. இன்னொரு கையில், சுண்டுவிரலில் மாட்டித் தொங்கவிட்டபடி, இருபது லிட்டர் கேன். ஹாலில் சுவரோரக் கட்டிலில் உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டிருந்த பானுமதி அந்தச் சுண்டுவிரலைத்தான் முதலில் பார்த்தாள். அவள் கனகாவின் தங்கை. கெமிஸ்ட்ரி படித்தவள். துபாயின் அல் கூஸில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஆனால் இருபது லிட்டர் தண்ணீரைச் சுண்டுவிரலில் தூக்கிக்கொண்டு யாரும் மூன்று மாடி ஏறி வர முடியாது என்பது தெரிய கெமிஸ்ட்ரி ஒன்றும் வேண்டியதில்லை.

“என்ன கொழுந்தியா, அப்பிடிப் பாக்குற? நம்ம ஊத்தே வீடு தேடி வந்திருக்கு. எந்திரிச்சுக் கும்புடு” என்றான் அருள்முருகன்.

ஒன்பது மணிக்கு அவன் கேனைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் போனான். அந்த வீட்டில் குளியலறையும் கழிவறையும் ஒன்றுதான். பானுமதி துண்டும் கையுமாகக் குளிப்பதற்குக் காத்து நின்றாள். அந்தக் கதவு என்றைக்கும் முழுதாக மூடாது. வாஷ்பேசின் குழாய்க்கு அடியில் கேன் நுழையவில்லை. இரண்டு தரம் சாய்த்துப் பார்த்தான். பிறகு, பீங்கானுக்குப் பக்கத்துச் சுவரில் தொங்கும் கைக்குழாயை எடுத்தான். கட்டைவிரலால் அழுத்தினால் பீய்ச்சி அடிக்குமே, உட்கார்ந்து எழுந்தவர்கள் கழுவிக்கொள்கிற குழாய், அதுதான். அதன் முனையைக் கேனின் வாய்க்குள் செருகி அழுத்திப் பிடித்தான். முதலில் வெற்றுப் பிளாஸ்டிக்கில் தண்ணீர் அறைகிற சத்தம். அப்புறம் சத்தம் மெல்ல மெல்லக் கனத்தது. ரொம்ப நேரம் ஆயிற்று. அவன் ஏதோ ஒரு மெட்டை முணுமுணுத்துக்கொண்டே நின்றான்.

பானுமதியின் வேலையில் இந்த மாதிரிக் குழாய் முனைகளும் வரும். தொழிலாளர் கேம்ப்புகளிலிருந்து பஞ்சில் துடைத்து அனுப்புவார்கள். அதை ஒரு கண்ணாடித் தட்டில் தேய்த்துச் சூட்டில் வைத்து, மறுநாள் எடுத்துப் பார்த்தால் தட்டு முழுக்கப் பச்சையும் மஞ்சளுமாகப் பொட்டுப் பொட்டாக முளைத்திருக்கும். மூடியைத் திறக்கும்போது ஒரு வாடை வரும். அந்த வாடை இப்போது, நல்ல வெளிச்சத்தில், ஒரு தட்டும் இல்லாமலே அவளுடைய மூக்கில் ஏறியது.

அருள்முருகன் வெளியே வரும்போது கேனை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு வந்தான். “கேனு வெளிய ஒரே அழுக்கு. கழுவுனேன்” என்றான். அவள் ஒன்றும் கேட்கவில்லை.

கனகா கேனைத் துடைத்துச் சந்தனம் வைத்தாள். குங்குமம் வைத்தாள். சாமி படத்துக்குக் கீழே ஒரு பலகை போட்டு அதன்மேல் ஏற்றினாள். முதல் நாளே வாங்கி ஃபிரிட்ஜில் வைத்திருந்த செவ்வந்தி மாலையை அதன் கழுத்தில் போட்டாள். ஊதுவத்தி கொளுத்தினாள். பானுமதி குளிக்காமலே வேலைக்குக் கிளம்பிப் போனாள்.

*

கோரைத்தீவு பாம்பனுக்கு வடக்கே இருக்கிறது. வரைபடத்தில் ஈ உட்கார்ந்த மாதிரி ஒரு புள்ளி. அந்தத் தீவில் யாருக்கும் சொந்த நிலம் கிடையாது. ஒரு ஆள் பேரில் பட்டா இல்லை, வேலி இல்லை. மண் மொத்தமும் ஊருக்குப் பொது. கல்யாணம் ஆகித் தனி அடுப்பு மூட்டினால் அந்த அடுப்புக்கு ஒரு வீட்டு மனையும், கருவாடு காய வைக்க ஒரு தரையும் உண்டு. அடுப்பு அணைந்தால் மனை ஊருக்குத் திரும்பிவிடும். இந்து வீடு, முஸ்லிம் வீடு எல்லாம் இந்த ஒரு கணக்கில்தான்.

வெளி ஆளுக்கு ஒரு சாண் மண் கொடுக்க வேண்டுமென்றாலும் எல்லா அடுப்பும் சம்மதிக்க வேண்டும். சம்மதத்தை வாயால் சொல்வது வழக்கம் இல்லை. தீவின் நடுவில் மணலைத் தோண்டினால் நல்ல தண்ணீர் சுரக்கிற ஊற்று ஒன்று உண்டு. அந்தத் தண்ணீரை ஒரு குடத்தில் எடுத்து வந்து, அடுப்புக்கு ஒரு வாய் குடிப்பார்கள். சம்மதம் இல்லாதவர் கையில் வாங்கிய தண்ணீரைத் தரையில் கவிழ்த்துவிடுவார். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. அறுபத்தொரு அடுப்பில் ஒன்று கவிழ்த்தாலும் பேச்சு முடிந்தது. செல்போன் டவருக்கு இடம் கேட்டு வந்தபோது ஒரு விதவை கவிழ்த்தாள். தீவுக்கு டவர் வரவில்லை.

இப்போது கேட்டு வந்திருப்பது கடலோர விடுதி கட்டுகிற கம்பெனி. தீவின் கிழக்குப் பாதி, தொண்ணூற்றொன்பது வருடக் குத்தகை. கருவாட்டுத் தரைகள் எல்லாம் அந்தக் கிழக்குப் பாதியில்தான். இந்தத் தண்ணீர் குடிக்கிற வழக்கத்தைக் கோர்ட்டே ஒரு வழக்கில் ஒத்துக்கொண்டிருந்தது. அதனால் கம்பெனிக்கு வெறும் கையெழுத்து போதவில்லை. ஒவ்வொரு அடுப்பும் குடிப்பதை வீடியோ எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. தீவில் இருந்தவர்கள் சித்திரையிலேயே குடித்துவிட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் வளைகுடாவில் வேலை பார்க்கிறவர்கள். இருபத்தாறு அடுப்பு. அத்தனை பேரையும் லீவு போடவைத்து ஊருக்குக் கூட்டிப் போவதைவிட, ஊற்றை இங்கே கொண்டுவந்துவிடலாம் என்று யோசனை சொன்னவன் அருள்முருகன். விடுதி வந்தால் அவன்தான் அங்கே சூப்பர்வைசர். ஜெபல் அலியில் இரும்புப் பட்டறையில் ஃபோர்மேனாகப் பதினோரு வருடம் வெந்தாகிவிட்டது, இனிமேல் குளிர்ந்த அறையில் உட்கார வேண்டும் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

அந்த இருபத்தாறில் ஒன்று பானுமதியின் அம்மா ராக்கம்மாவின் அடுப்பு.

ராக்கம்மா பங்குனியில் கண் ஆபரேஷனுக்காகக் கரைக்கு வந்தவள். அப்படியே திருப்பூரில் அவளுடைய தங்கை வீட்டில் கொண்டுபோய் விட்டான் மருமகன் அருள்முருகன். சித்திரையில் ஊர் தண்ணீர் குடித்தபோது அவள் அங்கே இல்லை. கேனைத் திருப்பூருக்கே எடுத்துப் போயிருக்கலாம். ஆனால் அவள் கவிழ்ப்பாள் என்று அருள்முருகனுக்குத் தெரியும். போனிலேயே சொல்லிவிட்டாள். உடையவர் குடிக்க முடியாவிட்டால் அந்த அடுப்பில் பிறந்து, இன்னும் தனி அடுப்பு மூட்டாத பிள்ளை குடிக்கலாம். அப்படி ஒரே பிள்ளைதான் இருந்தது. நாலு பேருக்கு மேல் கூடினால் வாய் திறக்காத பிள்ளை.

*

சனிக்கிழமை மாலை வேலை முடிந்து வந்ததும் பானுமதி சமையலறைக்குள் போய்க் கனகாவின் பக்கத்தில் நின்றாள். கனகா மீன் அலசிக்கொண்டிருந்தாள்.

“அக்கா. அந்தக் கேன்ல இருக்கிறது ஊத்துத் தண்ணி இல்ல.”

கனகா கையை நிறுத்தவில்லை.

“மச்சான் நம்ம கக்கூஸ் பைப்புல பிடிச்சாரு. நான் பாத்தேன்.”

“கண்டதையும் நின்னு பாத்துக்கிட்டு இருக்காத.”

“ஒனக்குத் தெரியுமா?”

“பிளேன்ல தண்ணி ஏத்த விடமாட்டேன்னுட்டாங்களாம். ஏர்போர்ட்ல வச்சே கீழ ஊத்தச் சொல்லிட்டாங்களாம். அந்த மனுசன் என்னடி செய்வாரு? இருவத்தாறு பேருக்கு ஹாலு புக் பண்ணியாச்சு. குவைத்து மங்காஃப்ல இருந்து சோலைமுத்து அண்ணன் கம்பெனி டிக்கெட்டுல வந்து எறங்கிட்டாரு.”

“அதுக்கு, கக்கூஸ் பைப்பா?”

“கிச்சன் குழாயிலயும் கேனு நுழையல” என்றாள் கனகா. பிறகு குரலைத் தாழ்த்தி, “ஒரு வாய்தானடி. கண்ண மூடிக் குடிச்சிட்டு வந்துரு. ஒனக்கு விசா எடுத்துக் குடுத்தது யாரு? நீ படுக்கிற கட்டில் யாரு வீட்டுக் கட்டிலு?” என்றாள்.

மீன் செதிலில் ஒன்று கனகாவின் கன்னத்தில் ஒட்டியிருந்தது. மற்ற நாளாக இருந்தால் பானுமதி துடைத்துவிட்டிருப்பாள்.

அப்போது அம்மாவின் போன் வந்தது. தினமும் அந்த நேரத்துக்கு வரும். கனகா போனைத் தங்கையின் கையில் திணித்தாள்.

“நாளைக்கா?” என்று கேட்டாள் ராக்கம்மா.

“ஆமாம்மா.”

“நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். இனிமேலும் அக்கா மச்சான் கூடத்தான் நீ இருக்கணும். ஆனா எட்டு மாசமாச்சுடி இங்கிட்டு வந்து. இந்தத் தறிச் சத்தத்துல தூக்கம் பிடிக்கல. கண்ணு நல்லாத் தெரியிது. மருமகன் நாளைக்கிங்கிறாரு, அடுத்த மாசங்கிறாரு. எனக்குத் திரும்பிப் போக எடம் வேணும் பானு. என் தரையில காய வச்சு நானே வித்துத் திங்கணும். ஒங்க ரெண்டு பேரு வீட்லயும் வந்து நான் உக்காரமாட்டேன்.”

பானுமதி ‘சரிம்மா’ என்றாள். கேனைப் பற்றிய பேச்சு வாய்வரை வந்தது. கனகா பார்த்துக்கொண்டே நின்றாள்.

ராத்திரி அருள்முருகன் சாப்பிட்டு ஏப்பம் விட்டபடி கேனுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அதோடு ஒரு செல்ஃபி எடுத்தான். தீவின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினான். ஆண்கள் மட்டும் இருக்கிற குழு அது. வரிசையாகக் கும்பிடு போட்ட கைகள் வந்து விழுந்தன. ஒவ்வொன்றையும் கனகாவுக்குக் காட்டினான். “பாத்தியா, பாத்தியா, எத்தன பேரு கும்புடுறான் பாத்தியா” என்று சிரித்தான். அந்தக் குழாயின் முனையிலிருந்து சொட்டுச் சொட்டாக ஒழுகுவது ஹாலில் படுத்திருந்த பானுமதிக்குக் கேட்டது.

*

அல் கூஸில் கேம்ப்புகளுக்கு நடுவே ஒரு தமிழ் ஓட்டல். அதன் மாடியில் ஏ.சி. ஹால். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஏழரை மணிக்கு அவர்கள் உள்ளே நுழையும்போது பிரியாணி வாசமும் அத்தர் வாசமும் ஷூவைக் கழற்றிப் போட்ட கால் வாசமும் ஒன்றாக வந்து அறைந்தன. கம்பெனி முதலிலேயே சாப்பாடு போட்டுவிட்டது. மேஜைகளின்மேல் எலும்பு. தலைக்கு ஒரு மடக்குக் குடை, கம்பெனியின் பேர் போட்டது. குடைகளை மடியில் வைத்துக்கொண்டு ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பல்லிடுக்கில் குத்திக்கொண்டிருந்தார்கள். பெண்கள் இரண்டே பேர், கனகாவும் பானுமதியும்.

அருள்முருகன் கேனைத் தலைமேல் வைத்துக்கொண்டு நுழைந்தான். எல்லாரும் எழுந்து நின்றார்கள். யாரோ குலவை மாதிரி ஒரு சத்தம் போட்டார்கள். ஆண் குரலில் அது நரி ஊளை போல இருந்தது.

“வாங்க, வாங்க. லைட்டுக்கு நேரா வாங்க” என்றான் ஜெயசீலன். கம்பெனியின் ஆள், சென்னைக்காரன். நல்ல சட்டை, நல்ல பல். கேமராக்காரனைத் தோளில் தட்டித் தட்டி நகர்த்தினான். “அண்ணே, அந்தக் கேன் நல்லா இல்லண்ணே. பிளாஸ்டிக்கா தெரியுது. மண்பானை சொல்லியிருந்தேனே?”

பானை வந்தது. அருள்முருகன் கேனைச் சாய்த்துப் பானையில் ஊற்றினான். ஜெயசீலன் குனிந்து மூக்கை உறிஞ்சி, “ஆஹா, மண் வாசனை” என்றான். புதுப் பானையின் வாசனை அது.

ஒரு ஆள் பேர் வாசித்தான். பேர் வந்தவர் எழுந்து போய், பேப்பர் கப்பில் வாங்கி, கேமராவைப் பார்த்துக் குடிக்க வேண்டும். பானுமதி கடைசி வரிசையில் கைகளை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாராவது ஒருவர் முகம் சுளிப்பார், ஒருவராவது வாயில் வைத்துவிட்டு ‘என்னப்பா இது, குளோரின் நாறுது’ என்று கேட்பார் என்று நினைத்தாள். ஊற்றுத் தண்ணீருக்கு லேசான துவர்ப்பு உண்டு. அதில் வளர்ந்த நாக்கை இந்தக் குழாய்த் தண்ணீர் ஏமாற்ற முடியாது. யாராவது ஒருவர் கேட்டால் போதும். அவள் பேச வேண்டியிருக்காது.

முதலில் போனவர் சோலைமுத்து. குவைத்தில் சாரம் கட்டுகிற வேலை. ஐம்பது வயது இருக்கும். கப்பை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு குடித்தார். தொண்டை ஏறி இறங்கியது. கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது.

“இந்த ருசிக்கு… இந்த ருசிக்கு ஒலகத்துல எங்கிட்டுப் போனாலும்…” என்று விம்மினார். “இளநி மாதிரி இருக்கப்பா. கோரைக் கிழங்கு வாசம் வருது பாரு!”

“சூப்பர்ணே” என்றான் ஜெயசீலன். “அந்தக் கிழங்கு டயலாக் மட்டும் இன்னொரு தடவை. கப்பைக் கொஞ்சம் இறக்கிப் பிடிங்க, முகம் மறைக்குது.”

சோலைமுத்து இன்னொரு தடவை குடித்தார். இன்னொரு தடவை அழுதார்.

பானுமதி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் அது ஒரு தொற்று மாதிரி பரவியது. ஐயப்பன் என்கிற கிரேன் டிரைவர், குடித்துவிட்டு மிச்சத்தைத் தலையில் தெளித்துக்கொண்டான். இன்னொருவன் மீசையில் ஒட்டிய சொட்டை நாக்கால் துழாவி எடுத்தான். “எங்க ஊத்துத் தண்ணியில சோறு வடிச்சா வெஞ்சனமே வேண்டாம்” என்று ஒருவர் கேமராவிடம் சொன்னார். இரண்டாவது கப் கேட்டவர்கள் இருந்தார்கள். ஒருவன் சின்ன மினரல் வாட்டர் பாட்டிலைக் காலி செய்து, “என் ரூமுக்கு, சாமி கும்புட” என்று பிடித்துக்கொண்டு போனான். பிரியாணி நெய் படிந்த உதடுகள் ஒவ்வொரு கப்பிலும் ஒரு வளையம் பதித்தன. காலிக் கப்புகளை வாங்கி அடுக்கிவைப்பது கனகாவின் வேலை. உதடு பட்ட ஓரத்தில் விரல் படாமல் அடியைப் பிடித்து அடுக்கினாள்.

ஃபுஜைராவில் மளிகைக் கடை வைத்திருக்கிற மக்தூம் பாய் முறை வந்தது. தீவின் மேற்குத் தெரு. வெடுக்கென்று பேசுகிற ஆள் என்று பேர். அவராவது கேட்பார் என்று பானுமதி நிமிர்ந்தாள். அவர் பிஸ்மி சொல்லி, ஒரே மடக்கில் குடித்தார்.

“பாய், ரெண்டு வார்த்தை. டேஸ்ட் எப்படி இருக்கு?” என்றான் ஜெயசீலன்.

“தண்ணி தண்ணி மாதிரி இருக்கு” என்றார் மக்தூம் பாய். கப்பைக் கையிலேயே கசக்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

பிறகு இன்னும் பத்துப் பேர். பிறகு அருள்முருகன். அவனும் குடித்தான். அதைத்தான் பானுமதியால் நம்ப முடியவில்லை. எந்தக் குழாயில் பிடித்தது என்று தெரிந்தவன், கண்ணை மூடி, தலையை அண்ணாந்து, கடைசிச் சொட்டுவரை உறிஞ்சிவிட்டு, “அமுதம்” என்றான். அவன் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. நடிப்பும் இல்லை. உண்மையிலேயே இனித்த மாதிரி இருந்தது.

“ராக்கம்மா அடுப்பு” என்று வாசித்தான் வாசிக்கிறவன். “கடைசி.”

*

அவள் எழுந்து நடந்தாள். முதுகில் இருபத்தைந்து ஜோடிக் கண்கள். “ஏய், நம்ம வலைக்காரரு மக. காலேஜ் படிச்ச புள்ள” என்று யாரோ சொல்வது கேட்டது. “படிச்ச புள்ள குடிச்சா இன்னும் ஜோரு” என்று இன்னொருவர். விளக்கு வெளிச்சம் முகத்தில் சுட்டது.

அருள்முருகனே கப்பை நிரப்பிக் கொடுத்தான். நிரப்பும்போது அவன் கட்டைவிரல் உள்ளே முங்கியது.

“குடி கொழுந்தியா. ஒங்கம்மா பேரச் சொல்லிக் குடி” என்றான். பிறகு உதடு அசையாமல், “வீட்ல போயிப் பேசிக்கலாம். இப்பக் குடி” என்றான்.

கப்பில் தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது. தெளிவாக, நிறமில்லாமல். ஒரு பக்கம் ஒரு சோற்றுப் பருக்கை மிதந்தது.

அவளுக்கு அம்மா சொன்னது எதுவும் அப்போது ஞாபகம் வரவில்லை. விசாவும் கட்டிலும் ஞாபகம் வந்தன. நாளைக்கு எங்கே போய்ப் படுப்பது என்று ஒரு கணம் யோசித்தாள். ஆனால் கை அதற்கு முன்னாலேயே மணிக்கட்டில் திரும்பிவிட்டது. தண்ணீர் ஹாலின் கம்பளத்தில் விழுந்து, ஜெயசீலனின் பளபளப்பான ஷூவைச் சுற்றிக் கறுப்பாகப் பரவியது.



“கட், கட்” என்றான் ஜெயசீலன். “கை நழுவிருச்சு. பரவாயில்லம்மா, டென்ஷன் ஆகாதீங்க. இன்னொரு கப் குடுங்கண்ணே.”

“நழுவல” என்றாள் பானுமதி.

தன் குரல் தனக்கே யாருடையதோ மாதிரி இருந்தது. மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை போனது.

“நழுவல. கவுத்துட்டேன்.”

“ஏ புள்ள!” என்று எழுந்தார் சோலைமுத்து. “என்ன காரியம் செஞ்ச? லீவு எழுதிக் குடுத்து, சூப்பர்வைசர் கால்ல விழுந்து வந்திருக்கேன் நானு!”

“ஏன்னு கேக்கக் கூடாது” என்று யாரோ முனகினார்கள். “வழக்கம் அது.”

“என்னடா வழக்கம்? பொட்டப் புள்ளைக்கு என்னடா வழக்கம்?” ஐயப்பனின் குரல். “அருளு, ஒன் வீட்டுப் பொண்ண நீ அடக்கமாட்டியா?”

அருள்முருகன் சிரித்தான். எல்லாரையும் பார்த்துக் கையை விரித்தான். “சின்னப் புள்ளப்பா. கூட்டத்தப் பாத்துப் பயந்துருச்சு. மறுபடி குடிக்கும். இல்ல பானு?” என்று அவளுடைய முழங்கையைப் பிடித்தான். பிடி இறுகியது. ஜெயசீலன் ஏற்கெனவே இன்னொரு கப்பை நிரப்பி நீட்டிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் அவள் சொன்னாள்.

“இது ஊத்துத் தண்ணி இல்ல. எங்க வீட்டுக் கக்கூஸ்ல, குண்டி கழுவுற பைப்பக் கேனுக்குள்ள விட்டுப் பிடிச்ச தண்ணி. நேத்துக் காலையில ஒம்பது மணிக்கு. நான் கண்ணால பாத்தேன். அக்காவுக்கும் தெரியும்.”

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். இனி வாந்தி வரும். நாற்காலி உருளும். யாராவது அருள்முருகனின் சட்டையைப் பிடிப்பார்கள். அவளை அடித்தாலும் சரிதான்.

ஒருவன் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு கைகழுவும் இடத்துக்கு ஓடினான். பின்வரிசையில் இரண்டு பேர் மடியிலிருந்த குடையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். மற்றவர்கள் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

சோலைமுத்து புறங்கையால் உதட்டை ஒரு தரம் துடைத்துக்கொண்டார். “பைப்பு எங்கிட்டு இருந்தா என்ன?” என்றார் மெதுவாக. “எல்லாம் மொட்ட மாடியில இருக்கிற ஒரே டேங்குத் தண்ணிதான். கிச்சனுக்கு ஒண்ணு, கக்கூசுக்கு ஒண்ணுன்னா டேங்கு வச்சிருக்கான்?”

யாரோ சிரித்தார்கள். பிறகு இன்னும் சிலர். அடிவயிற்றிலிருந்து வராத, தொண்டையிலேயே நின்றுவிட்ட சிரிப்பு.  பெரியவர் சொன்னது சரிதான். ஒரே டேங்குதான். அவளே எத்தனையோ கட்டடங்களில் ஏறிச் சாம்பிள் எடுத்திருக்கிறாள்.

“ஆனா நீங்க அழுதீங்க” என்றாள் அவரைப் பார்த்து. “கிழங்கு வாசம் வருதுன்னீங்க.”

அவர் தலையைத் திருப்பிக்கொண்டார்.

“இது ஊத்துத் தண்ணி இல்லன்னு சொல்றேன். யாருக்கும் கோவம் வரலையா? ஊர ஏமாத்தியிருக்காரு. ஏர்போர்ட்ல ஊத்திட்டாருன்னா அடுத்த தடவ வேற வழியில கொண்டுவர வேண்டியதுதான? இன்னொரு மாசம் பொறுக்கக் கூடாதா?”

 ஜெயசீலன் கேமராக்காரனிடம் கழுத்தை அறுப்பதுபோல் கையைக் காட்டினான். விளக்கு அணைந்தது. அவள் கனகாவைப் பார்த்தாள். கனகா கப் அடுக்கைக் கையில் பிடித்தபடி சுவரைப் பார்த்து நின்றாள். தோள் குலுங்கியது.

வரிசையாக ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள் பானுமதி. யாரும் அவளைப் பார்க்கவில்லை. ஆச்சரியப்பட்ட முகம் ஒன்றுகூட இல்லை. கொடுத்த கூலிக்கு வேலையை முடித்துவிட்டு வண்டிக்குக் காத்திருக்கிறவர்களைப் போல உட்கார்ந்திருந்தார்கள்.

மக்தூம் பாய் எழுந்தார். கசக்கிய கப் இன்னும் அவர் கையில் இருந்தது.

“பாய், உக்காருங்க” என்றான் அருள்முருகன். “ஹலாஸ். முடிஞ்சுபோச்சு. நான் பேசிக்கிறேன்.”

“நீ பேசினது போதும் வாப்பா” என்றார் மக்தூம் பாய். “நானும் குடிச்சேன். எனக்கும் மூணு குமரு இருக்கு. தண்ணி போன தீவுல இனி யாரு குடியிருக்கப் போறா, கெடைக்கிறத வாங்கிக்கிட்டுப் போவோம்னுதான் குடிச்சேன். ஆனா இந்தப் புள்ள நின்னு கேக்குது. நாமெல்லாம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டா நல்லாவா இருக்கு?”

அவர் பானுமதிக்கு நேராகத் திரும்பினார்.

“ஊத்து ஆடி மாசமே உப்பாயிருச்சு மவளே. கம்பெனிக்காரன் பேச்சு முடியுமுன்னயே கெழக்க போர் போட்டு, மோட்டார வச்சு ராவும் பகலும் உறிஞ்சுனான். பதினஞ்சு நாள்ல ஊத்துல கடத்தண்ணி வந்துருச்சு. ஏர்போர்ட்டாவது, மண்ணாவது. கொண்டுவர அங்க தண்ணியே இல்ல. இங்க குடிச்ச அத்தன பேரு வீட்லயும் போன்ல சொல்லி அழுதுட்டாங்க. ஒனக்கும் ஒங்காத்தாவுக்கும் மட்டுந்தான் யாரும் சொல்லல.”